தோலில்லா முழவு

வள்ளலார் வழியில் நடக்கும் எங்கள் ஊர்ச் சன்மார்க்க சபையில் தோல் வாத்தியம் கிடையாது. வடலூரிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் தள்ளி, முந்திரிக் காட்டை ஒட்டிய கிராமம் எங்களுடையது. ஓடு வேய்ந்த ஒரே கூடம்தான் சபை. நடுவில் விளக்கு, சுற்றி உட்கார்ந்து அகவல் பாராயணம், பிறகு அருட்பா. ஆர்மோனியம் உண்டு, ஜால்ரா உண்டு. மிருதங்கமோ தபேலாவோ டோலக்கோ வாசல் தாண்டாது. எல்லா ஊர்ச் சபைகளிலும் இப்படி இல்லை. எங்கள் ஊரில் அப்பாவும் அவர் வயதொத்த நாலைந்து பேரும் சேர்ந்து எடுத்த முடிவு இது. கொலை மறுத்தவர்கள் கூடும் இடத்தில் கொன்ற உயிரின் தோல் இருக்கலாகாது என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் எனக்கு அன்றும் பிழை தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

ஆனால் எனக்கு மிருதங்கம் என்றால் உயிர். எட்டு வயதில் அப்பா என்னைச் சிதம்பரத்துக்கு ஆனித் திருமஞ்சனம் பார்க்கக் கூட்டிப்போனார். கூட்டத்தில் என்னைத் தோளில் தூக்கி வைத்திருந்தார். நடராசர் மேல் வலக்கையில் பிடித்திருக்கும் துடியைக் காட்டி, "அதுல இருக்கறது எந்த மாட்டுத் தோலுப்பா?" என்று கேட்டேன். அப்பா அங்கே பதில் சொல்லவில்லை. இரவு பேருந்தில் திரும்பும்போது, நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, "அது தோல் இல்லடா, நாதம்" என்று மெல்லச் சொன்னார்.

பெரியவனானதும் உண்மை விளக்கம் படித்தேன். துடி படைப்பு, அமைத்த கை காத்தல், தீ அழித்தல் என்று அந்த நூல் ஆடல்வல்லானின் ஒவ்வொரு உறுப்புக்கும் பொருள் சொல்கிறது. படித்ததும் பழைய கேள்வி இன்னும் பெரிதாகி வந்து நின்றது. படைப்பு துடியில் தொடங்குகிறது என்றால், துடிக்குத் தோல் கொடுத்த உயிர் படைப்புக்கு முன்பே செத்திருக்க வேண்டும். அப்படி இருக்க முடியாது. ஆகவே முதல் முழக்கம் எந்தச் சாவின் மேலும் நிற்காத முழக்கமாகத்தான் இருந்திருக்க வேண்டும். சாத்திரத்தில் கரை கண்டவர்களுக்கு இது சிறுபிள்ளை வாதமாகப் படலாம். என்னை அது ஐம்பது வருடம் விடவில்லை.

நான் ரேடியோ மெக்கானிக். 1980இல் ஐடிஐ முடித்துக் குறிஞ்சிப்பாடியில் கடை போட்டேன். வால்வு ரேடியோவின் கடைசிக் காலத்தையும் டேப் ரெக்கார்டரையும் கலர் டிவியையும் என் கைகள் பார்த்திருக்கின்றன. 2020இல் ஊரடங்கு வந்து கடையைப் பூட்டியபோது, மேசை மேல் சாமானும் கையில் நேரமும் இருந்தன. தோலில்லாத ஒரு முழவைச் செய்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

கடையில் விற்கிற தாளப் பெட்டியை வாங்கி வைத்தால் போதாதா என்று மகன் கேட்டான். போதாது. அந்தப் பெட்டிகள் பலவற்றில் இருப்பது பதிவு செய்த மிருதங்கம். ஒரு வித்துவான் ஒரு தோலின் மேல் அடித்த அடியை எண்களாக மாற்றிச் சில்லுக்குள் வைத்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தும்போது அந்த மாட்டின் தோல்தான் திரும்பத் திரும்பப் பேசுகிறது. எனக்கு வேண்டியது, எந்தக் கட்டத்திலும் தோலே நுழையாத ஒலி. அதற்கு என் கைக்குத் தெரிந்த வழி அனலாக் சர்க்யூட். அங்கே ஒலி எங்கிருந்தும் எடுத்து வரப்படுவதில்லை, அந்த நேரத்தில் அந்த இடத்தில் பிறக்கிறது.

வழி புதிதல்ல. 1980இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டிஆர்-808 என்ற தாளப் பெட்டியின் பெரிய மேளமும் இந்த வகைச் சர்க்யூட்டிலிருந்து வந்ததுதான். ஏறக்குறைய 12,000 பெட்டிகளோடு 1983இல் அதை நிறுத்திவிட்டார்கள். அதன் 'தும்' ஒலி மட்டும் இன்றுவரை உலகத்துப் பாட்டுகளில் கேட்டுக்கொண்டிருக்கிறது.

நான் எடுத்துக்கொண்டது டுவின்-டி என்ற சர்க்யூட். இரண்டு ரெசிஸ்டரும் ஒரு கண்டன்சரும் ஆங்கில 'டி' எழுத்தைப் போல நிற்கும். இரண்டு கண்டன்சரும் ஒரு ரெசிஸ்டரும் இன்னொரு 'டி'. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, ஒரு பிசி547 டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவில் போட வேண்டும். மஞ்சள், ஊதா, ஆரஞ்சு வளையம் போட்ட 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 22 நானோ ஃபாரட் கண்டன்சர் இரண்டு, நடுக்காலுக்கு 47 நானோ ஒன்று. இன்னொரு நடுக்காலில் திருகிச் சரிசெய்கிற பிரீசெட். கணக்குப்படி இது நொடிக்கு 154 முறை அதிர வேண்டும், இரண்டரைக் கட்டைச் சுருதிக்குச் சற்றுக் கீழே. டிரான்சிஸ்டர் தன் பங்குக்கு இழுப்பதால் கணக்கு அப்படியே வராது. காதால்தான் சேர்க்க வேண்டும்.

விஷயம் முழுக்க அந்தப் பிரீசெட்டில் இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து மெல்லத் திருகிக்கொண்டே வந்தால், ஓர் இடத்தில் சர்க்யூட் தானாக 'ஊ' என்று பாட ஆரம்பித்துவிடும். யாரும் தட்ட வேண்டாம், நிறுத்தவும் முடியாது. அங்கிருந்து மயிரிழை பின்னால் திருப்பினால் அடங்கிவிடும். அந்த விளிம்பில் விட்டு ஒரு சின்ன மின்துடிப்பை உள்ளே அனுப்பினால் 'தோம்' என்று எழுந்து, அரை நொடியில் தேய்ந்து மறையும். ஊஞ்சலைத் தள்ளிவிட்டுக் கையை எடுப்பது போல. ஒவ்வொரு ஆட்டத்திலும் ரெசிஸ்டர்கள் கொஞ்சம் தின்கின்றன, டிரான்சிஸ்டர் அதை ஈடுகட்டப் பார்க்கிறது. முழுவதும் ஈடுகட்டினால் ஒலி ஓயாது. மிகக் குறைவாக ஈடுகட்டினால் கதவைத் தட்டியது போல 'டொக்' என்று செத்துவிடும். முழவின் குரல் இரண்டுக்கும் நடுவே இருக்கிறது.

முதல் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அந்தத் 'தோம்' கேட்டபோது எழுந்து நின்று கைகூப்பினேன்.

ஆனால் அது மிருதங்கம் இல்லை. ஒற்றை நரம்பு போல ஒல்லியாக இருந்தது. காரணத்தை சி. வி. ராமன் எப்போதோ சொல்லிவிட்டார். வெறும் வட்டத் தோலின் மேலொலிகள் அடிநாதத்தைப் போல 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் வரும், அதனால் சாதாரணப் பறைக்கும் மேளத்துக்கும் சுருதி சொல்ல முடியாது. நம் மிருதங்கத்திலும் தபேலாவிலும் நடுவில் கருப்புச் சாதம் போட்டுக் கனம் ஏற்றியிருப்பதால் மேலொலிகள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்ணில் வந்து உட்காருகின்றன. இதை 1920இல் 'நேச்சர்' இதழில் சிவகாளி குமாரோடு சேர்ந்து எழுதினார். சோறும் கிட்டான் கல் பொடியும் சேர்த்துக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து அந்தக் கணக்கைப் போட்டவர்களின் பெயர் எந்த இதழிலும் வந்ததில்லை.

ஆகவே இன்னும் இரண்டு டுவின்-டி கட்டினேன். இரண்டாம் மடங்குக்கு 10 நானோ கண்டன்சர், 47 கிலோவோடு 4.7 கிலோ தொடராக. மூன்றாம் மடங்குக்கு 6.8 நானோ, 47 கிலோவோடு 3.9. மூன்றையும் கலந்ததும் ஒலிக்கு உடம்பு வந்தது. விரல் படுகிற ஓசைக்கு ஒரு டிரான்சிஸ்டரைத் தலைகீழாக மின்னூட்டி, அதிலிருந்து வரும் இரைச்சலில் ஒரு சிட்டிகை சேர்த்தேன். தட்டுவதற்கு பஸ்ஸரில் இருக்கும் பித்தளைத் தகடு. அதன் மேல் ஒட்டியிருக்கும் பீங்கானை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும். கியூரி சகோதரர்கள் 1880இல் படிகங்களில் கண்ட குணம் அது. தகட்டின் மேல் ரப்பர் ஒட்டி விரலுக்கு இடம் செய்தேன்.

ஒவ்வொரு சாமானையும் சோதித்தேன். ஸ்பீக்கரில் காகிதக் கூம்பு, காந்தம், செம்புக் கம்பி. பற்ற வைக்கிற ஃபிளக்ஸ் பைன் மரப் பிசின். பெட்டி பண்ருட்டிப் பலா, மிருதங்கக் கட்டைக்கு ஆகிற அதே மரம். ஓர் உயிரின் தோலோ நரம்போ எலும்போ எதிலும் இல்லை. சபையில் வைத்து ஒரு பூசத்தன்று வாசித்தோம். எல்லாரும் மகிழ்ந்தார்கள். அப்பா இருந்திருந்தால் என்று சிலர் கண்கலங்கினார்கள். நானும் அன்று நிறைவாகத்தான் படுத்தேன்.

ஆனாலும் ஒலியில் ஏதோ குறை. எங்கே என்று பிடிபடவில்லை. 2022 தொடக்கத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு பண்ருட்டியில் மிருதங்கத்துக்கு மூட்டுக் கட்டுகிறவர் ஒருவரிடம் போனேன். அவருடைய அப்பாவை எனக்குச் சிறுவயதில் தெரியும். பக்கத்துத் தெரு பஜனை மடத்து மிருதங்கத்துக்கு வார் இழுத்துக் கட்ட வருவார். ஒருமுறை எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்டார். அப்பா அவரைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தி, கொல்லையில் தனியாக வைத்திருந்த டம்ளரில் கொடுத்தார். சாதியையும் சமயத்தையும் விடச் சொன்ன வள்ளலாரின் படம் அந்தத் திண்ணைச் சுவரில்தான் மாட்டியிருந்தது.

அன்று வார் இழுத்தவரின் மகன் கடைக்குள் பாய் போட்டு என்னை உட்காரச் சொன்னார். சுற்றிலும் தோல்கள். ஒரு மிருதங்கத்தில் ஆடு, பசு, எருமை மூன்றும் சேர்கின்றன. வாடை அடித்தது. மூச்சை அடக்கிக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். அவர் தட்டினார், தலையைச் சாய்த்துக் கேட்டார், மறுபடியும் தட்டினார்.

"நாதம் சரியாத்தான் இருக்கு ஐயா. ஆனா சத்தம் சாவ மாட்டேங்குதே."

எனக்குச் சுருக்கென்றது. சாகாக் கல்வி என்று சொல்லி வளர்த்த வழியில் வந்தவன் நான். மரணமிலாப் பெருவாழ்வு எங்கள் குறி. சாகவில்லை என்பது ஒரு குறையா என்று கேட்டேன்.

"எழுந்த சத்தம் அதுவா அடங்கணும் ஐயா. இது அடங்கற மாதிரி போயி, அடியில ஒரு இழுப்பு இழுத்துக்கிட்டே நிக்குது. அடுத்த அடிக்கு எடம் விடல. அதுக்காகக் கையை வெச்சு அமுக்கினாலும் தப்பு. அது செத்ததா ஆவாது, சாவடிச்சதா ஆயிடும்."

ஸ்க்ரூ டிரைவரை அவர் கையில் கொடுத்தேன். எந்தத் திருகு என்ன செய்யும் என்று மட்டும் சொன்னேன். சர்க்யூட் பற்றி ஒன்றும் தெரியாத மனிதர் மூன்று பிரீசெட்டுகளையும் கால் மணி நேரத்தில் சேர்த்துவிட்டார். மேல் மடங்குகள் இரண்டும் முதலில் தேய, அடிநாதம் கடைசியில் தனியே அடங்கியது. நான் எட்டு வயதில் கேட்ட மிருதங்கம் அது.

டீ வந்தது. அவர் வீட்டு டம்ளரில் குடித்தேன். அப்போதுதான் அவர் கேட்டார், கோபமாக அல்ல, சந்தேகம் கேட்பது போல. "தோல் வேணாம்னு இவ்வளவு மெனக்கெட்டிருக்கீங்க. நல்லதுதான். நாங்க தோலுக்குன்னு மாடு அறுக்கறதில்ல, அறுத்த எடத்துல போயி வாங்குறோம். அந்த மாடு அங்க எப்பிடி வருது ஐயா? பால் வத்திப் போனா உங்க ஊர்ல யாரு வெச்சிருக்கா?"

வாங்குபவன் இல்லாவிட்டால் கொன்று விற்பவன் இல்லை என்று குறள் புலான்மறுத்தலில் சொல்லும் நியாயத்தை நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. 1994இல் எங்கள் வீட்டுச் செவலை மாட்டைச் சந்தையில் 3,200 ரூபாய்க்கு விற்றோம். ஐந்து ஈற்று ஈன்று, பால் வற்றி, சினை பிடிக்காமல் இருந்தாள். அவள் பாலில்தான் என் பிள்ளைகள் வளர்ந்தார்கள், சபை விளக்குக்கு நெய் போனது. வாங்கியவர் எந்தப் பக்கம் லாரி ஏற்றுகிறார் என்று எங்களுக்குத் தெரியும். உழவுக்கு வாங்கிப் போகிறார் என்று வீட்டில் சொல்லிக்கொண்டோம். பசுவை யாரும் உழவுக்கு வாங்குவதில்லை.

கொலை மறுத்த வீட்டிலிருந்து போன மாடு அவள். யாரோ ஒருவர் அவள் தோலை வாங்கி எங்கோ ஒரு மிருதங்கத்துக்கு மூட்டுக் கட்டியிருந்தால், அவளிடம் எங்களைவிட அவர் மரியாதையாக நடந்துகொண்டார் என்றே சொல்வேன். நாங்கள் பாலையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டோம். பிறகு, அந்தத் தோலைத் தொட்ட கைக்குத் தனி டம்ளர் வைத்தோம்.

அன்று பேருந்தில் திரும்பும்போது என்னையே கேட்டுக்கொண்டேன். சபைக்குள் தோல் வரக் கூடாது என்ற எங்கள் முடிவில் எத்தனை பங்கு மாட்டின் மேல் இரக்கம், எத்தனை பங்கு தோல்காரர் மேல் அருவருப்பு? அப்பாவின் அன்பு பொய் என்று நான் சொல்ல மாட்டேன். எறும்புப் புற்றுக்கு அரிசி மாவு போட்ட மனிதர். ஆனால் இரண்டும் ஒரே சட்டியில் கலந்திருந்தன, அவர் பிரித்துப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அருவருப்புக்குத் தோல் கண்ணில் படாமல் போனால் போதும். இரக்கத்துக்கு அது போதாது. என் பெட்டி தோலைக் கண்ணிலிருந்து எடுத்தது. ஒரு மாட்டையும் லாரியிலிருந்து இறக்கவில்லை.

சத்தம் சாக வேண்டும் என்று அவர் சொன்னதையும் பல நாள் நினைத்தேன். பிரீசெட்டை ஓரத்துக்குத் திருகினால் பெட்டி ஓயாமல் பாடும். இரண்டு நிமிடம் கேட்க முடியாது. அதைப் பெருவாழ்வு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'தோம்' அடங்கிய பிறகு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் அடிக்கு முன் இருந்தது போலவே இருக்கிறது. ஒலி தேய்ந்து எதற்குள் போனதோ அது அணையவில்லை, அடுத்த தட்டுக்கு விழித்திருக்கிறது. சைவத்தில் அழித்தல் என்பதற்கு ஒடுக்கம் என்றொரு சொல் உண்டு. வந்த இடத்துக்குத் திரும்பி அடங்குவது. வள்ளலார் சொன்ன மரணமின்மையைச் சொல்லிக் காட்ட எனக்குத் தகுதி இல்லை. ஓர் உயிர் தன் காலத்தில் தானாக ஒடுங்குவதற்கும் நாம் அதன் மேல் கையை வைத்து அமுக்குவதற்கும் உள்ள வேறுபாடு மட்டும் எனக்கு அந்தப் பெட்டியில் விளங்கியது. ஜீவகாருணியம் காக்க வேண்டியது அந்த வேறுபாட்டைத்தான்.

வடலூர்த் தருமச்சாலையில் 1867 மே 23 அன்று மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. ஜீவகாருணியத்தில் வள்ளலார் முதலில் வைத்தது பசியை நீக்குவதை. பால் வற்றிய மாட்டுக்கும் பசி உண்டு, அதற்கு வைக்கோல் போடக் கணக்குப் பார்த்துத்தான் நாம் விற்கிறோம்.

2022 தைப்பூசம் முடிந்த வாரம் சபையில் இதையெல்லாம் சொன்னேன். செவலையை விற்றதையும் டம்ளரையும் சேர்த்தே சொன்னேன். சிலருக்கு வருத்தம். ஒருவர் எழுந்து போய்விட்டார், பிறகு அவரே முதல் மூங்கிலைக் கொண்டுவந்து போட்டார். சபைக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை கட்டினோம். வற்றிய மாட்டை யாரும் சந்தைக்கு ஓட்டுவதில்லை, முடியாதவர்கள் இங்கே கட்டிவிட்டுப் போகலாம் என்று முடிவு. ஒரு மாட்டுக்கு நாளைக்கு ஐந்தாறு கிலோ வைக்கோல், கொஞ்சம் தவிடு. அறுப்புக் காலத்தில் ஆளுக்கு இத்தனைக் கட்டு என்று போட்டுவிடுகிறார்கள். போன ஐப்பசியில் ஒரு கிழப்பசு அங்கேயே படுத்து, மூன்றாம் நாள் தானாக அடங்கியது. முந்திரித் தோப்பில் புதைத்தோம்.

பண்ருட்டிக்காரர் மாதப் பூசத்துக்கு வருகிறார். பந்தியில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பெட்டியை அவர்தான் வாசிக்கிறார். அவர் சேர்த்த இடத்திலிருந்து பிரீசெட்டுகளை நான் தொடவில்லை.

கொட்டகையில் இப்போது நான்கு மாடுகள் நிற்கின்றன. இன்னும் இரண்டுக்கு இடம் இருக்கிறது. உங்கள் வீட்டில் மாடு வற்றியிருந்தால் சந்தைக்கு ஓட்டாதீர்கள், இங்கே ஓட்டி வாருங்கள்.